பசித்த எலியும் ஐந்தாம் சீலமும்



பௌர்ணமிதோறும் நாம் கூடித் திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்கின்றோம். மயக்கந் தரும் கள், சாராயம் முதலியவற்றினின்று விலகி நிற்போம் என்பது அவற்றுள் ஐந்தாவது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மைத் தொடர்ந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மதுவை விலக்குவது ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஆயினும், காலையில் சீலம் கூறிய நாவே மாலையில் சாராயத்தைச் சுவைப்பதை நம் தெருக்களில் காண்கின்றோம். காணாததுபோல் இருப்பதில் பயனில்லை. அவ்வாறு கண்டபோது நாம் செய்வது என்ன? பெரும்பாலும் வசைதான். 'சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. திருந்தும் பிறவி அன்று. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுங்கள்' என்று ஒருவர் எழுந்து கூற, மற்றவர் தலையசைக்கின்றனர். குடித்தவர் குடித்தவராகவே இருக்கின்றார். விகாரைக்கு வருவது மட்டும் நின்றுவிடுகின்றது.

ஆதலின், இன்று குடிக்கின்ற எலி ஒன்றைப் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றோம். நகைக்க வேண்டா. அவ்வெலி குடித்தது சாராயமன்று, வெறும் தண்ணீரே. எனினும், நுகர்வு சார்பாக வேட்கை தோன்றும் என்று நம் முன்னோர் மணிமேகலை கேட்ட அறவுரையாகப் போற்றிவந்த பன்னிரு சார்பின் நடுக்கண்ணி, அவ்வெலியின் கூண்டில் கண்ணாற் காணும்படி நின்றது.

1961ஆம் ஆண்டு ஜான் ஃபால்க் என்னும் அமெரிக்க உளநூல் விஞ்ஞானி 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்து அந்நாட்டு உளநூலார் பலர் எலியையும் புறாவையும் பெட்டியில் அடைத்து, எப்போது எவ்வாறு உணவு அளித்தால் அவை எவ்வாறு நடந்துகொள்ளும் என்று ஆராய்ந்து கொண்டிருந்தனர். ஸ்கின்னர் என்பாரும் ஃபெர்ஸ்டர் என்பாரும் 1957இல் இதனையே பொருளாகக் கொண்டு பெரியதொரு நூல் எழுதியிருந்தனர். ஒவ்வொரு முறையும் பரிசு கொடுத்தல் ஒருவகை. இத்தனை முறைக்கு ஒன்று என்று கொடுத்தல் ஒருவகை. எத்தனையாவது முறை என்று விலங்கு அறியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தல் ஒருவகை. இவ்வளவு நேரத்திற்கு ஒன்று என்று கொடுத்தல் ஒருவகை. வகைக்கேற்ப விலங்கின் செயல் மாறுகின்றது. எத்தனையாவது முறை என்று தெரியாத வகையில் புறா ஓயாது கொத்திக்கொண்டே இருக்கும். சீட்டாட்டத்திலும் பரிசுச் சீட்டிலும் வீடிழந்தவர்களை அறிந்தோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

ஃபால்க் என்பார் செய்தது இது. எலிகளை அரைப்பட்டினியாக வைத்து, அவற்றின் உடலெடையை வழக்கமான எடையில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தார். பின்பு ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் விட்டார். பெட்டியில் அழுத்துதற்கு ஒரு சிறு கோல் உண்டு. அதனை எலி அழுத்தும். ஆனால் அழுத்தியவுடன் உணவு விழாது. சராசரி ஒரு நிமிடத்திற்கு ஒருமுறையே விழும். விழுவதும் 45 மில்லிகிராம் உருண்டை ஒன்று. இரண்டு அரிசிமணியின் எடைக்குச் சற்றொப்ப. அருகில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீருக்குத் தட்டுப்பாடே இல்லை. பெட்டியிலும் உண்டு, தங்கும் கூண்டிலும் உண்டு. எலிகளைத் தாகத்தோடு வைத்திருக்கவும் இல்லை.

இந்நிலையில் எலி ஓர் உருண்டையைத் தின்றது. உடனே குழாயிடம் ஓடி நீர் குடித்தது. மீண்டும் கோலிடம் வந்தது. அடுத்த உருண்டையைத் தின்றது. மீண்டும் குழாய்க்கு ஓடிற்று. மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட அவ்வேளைக்குள் எலிகள் குடித்த நீர், அவற்றின் உடலெடையில் ஏறத்தாழப் பாதி. முழு நாள் ஒன்றில் அவை வழக்கமாகக் குடிக்கும் அளவினும் மும்மடங்குக்கு மேல். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் இடையில் இரண்டு குடம் தண்ணீரைக் குடித்து முடித்தார் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் வியப்பு யாதெனின், அவ்வெலிக்கு இதனால் கேடேயன்றி நன்மை இல்லை. பசியால் மெலிந்த உடல் அது. அவ்வுடல் குளிர்ந்த நீரை இவ்வளவு பெரிய அளவில் உட்கொண்டு, அதனைத் தன் சூட்டிற்குக் கொண்டுவந்து, பின் சிறுநீராக வெளியேற்ற வேண்டும். உண்ட சிறிய உணவின் வலிமையும் அவ்வழியே வீணாகின்றது. இவ்வாறு தனக்கே பகையானதை அவ்வுயிர் ஏன் செய்தது?

தாகம் என்று எளிதாகக் கூறிவிடலாம். உலர்ந்த உணவைத் தின்றால் நா வறளும், நீர் வேண்டும் அன்றோ? ஆனால் அதே உருண்டைகளை, அதே எண்ணிக்கையில், ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுத்தபோது எலி வயிறார உண்டு, அளவாகவே நீர் அருந்திற்று. உணவு மாறவில்லை, வறட்சியும் மாறவில்லை. உணவு வந்த முறை மட்டுமே மாறிற்று. பின்வந்த ஆய்வாளர் குழாய் வழியே முன்கூட்டியே வயிற்றில் நீரை நிரப்பியும் பார்த்தனர். அப்போதும் எலி குடித்தது. கோலை அழுத்த வேண்டிய வேலையே இல்லாமல், கடிகாரப்படி உருண்டை தானே விழும்படி செய்தும் பார்த்தனர், அப்போதும் குடித்தது. 'நீர் குடித்தால் உணவு வரும் என்று எலி மூடநம்பிக்கை கொண்டது போலும்' என்றும் சிலர் கருதினர். அவ்வாறாயின் உணவு வருதற்குச் சற்று முன்னன்றோ குடித்தல் வேண்டும்? எலியோ உணவு வந்து போனவுடன், அடுத்தது வரத் தொலைவு மிகுதியாக உள்ள அந்நேரத்திற்றான் குடித்தது.

இடைவெளியின் அளவையும் மாற்றிப் பார்த்தனர். சில நொடிக்கு ஒன்றாக உருண்டை விழுந்தால் மிகைக்குடி இல்லை. இடைவெளி வளர வளரக் குடியும் வளர்ந்தது. இரண்டு மூன்று நிமிட அளவில் உச்சம் எய்திற்று. இடைவெளி அதனினும் நீண்டபோது குறைந்துவிட்டது. மிகுதியாக வந்தாலும் இல்லை. மிகவும் அரிதாக வந்தாலும் இல்லை. நம்பிக்கை முற்றும் அற்றுப் போகாதபடியும், வயிறு ஒருபோதும் நிறையாதபடியும், சிறிது சிறிதாகக் காட்டிக் காட்டிக் கொடுத்தபோதுதான் அவ்வெலி தன்னை மறந்து குடித்தது.

நீர்க்குழாய் இல்லாவிடத்து வேறு செயல்கள் தோன்றின. சில எலிகள் மரக்கட்டையைக் கடித்தன. சில குழாயினின்று வரும் காற்றை நக்கின. புறாக்கள் அருகிலிருந்த வேறு புறாவைக் கொத்தித் துன்புறுத்தின. அருகிருந்த அப்பறவை செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை; அருகில் இருந்ததே பிழை. கூலி கிடைக்காத நாளில் வீட்டில் அடிவாங்கும் மனைவி மக்களை அறிந்தவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று சிந்திப்பாராக. இத்தகைய செயல்களுக்கெல்லாம் ஃபால்க் 1971இல் பொதுப்பெயர் ஒன்று வைத்தார். 'உடன்தோன்று நடத்தை' என்று தமிழில் கூறலாம்.

இது ஏன் நிகழ்கின்றது என்பதற்கு எல்லோரும் ஒப்பிய விடை இன்றும் இல்லை. ஒரு செய்தி மட்டும் குறிப்பிடத்தக்கது. கலக்கம் மிகும்போது உடலில் ஒருவகைச் சுரப்பு இரத்தத்தில் ஏறும். 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வாறு இடையிட்டு உணவு பெறும் எலிகளுக்கு நீர் அருந்த வழி இருந்தபோது அச்சுரப்பின் அளவு குறைந்தது கண்டறியப்பட்டது. எனவே அக்குடி எலிக்கு ஓர் ஆறுதலை அளித்தது உண்மை. பொய்யான ஆறுதல் என்று நாம் கூறலாம். எலிக்கு அது பொய்யாக இல்லை. குடிப்பவரிடம் சென்று 'உனக்கு இதனால் என்ன கிடைக்கின்றது?' என்று கேட்போர், ஒன்றுமே கிடைக்கவில்லை என்ற விடையை எதிர்பார்த்துக் கேட்கின்றனர். அவருக்கோ ஏதோ ஒன்று கிடைக்கின்றது. அதனை அறியாமல் அவரோடு பேசுதல் வீண்.

நீரோடு நின்றதா? இல்லை. 1972இல் ஃபால்க்கும் அவருடன் இருவரும் சேர்ந்து மற்றொரு பரிசோதனையை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு நிமிடத்திற்கு ஓர் உருண்டை என்று உணவளித்து, தண்ணீருக்குப் பதிலாகச் சாராயம் கலந்த நீரை வைத்தனர். எலிகள் இயல்பாகச் சாராயத்தை மிகுதியாக விரும்புவன அல்ல. அவையும் குடித்தன, நாள்தோறும் குடித்தன. பின்னர் அதனை நிறுத்தியபோது அவற்றின் உடல் நடுங்கிற்று. சாவிக்கொத்தைக் குலுக்கிய ஓசைக்கே வலிப்புக் கண்டன. பெருங்குடியர் திடீரென நிறுத்தும்போது படும் பாட்டை நேரில் கண்டோர் நம்மிடையே பலர் உளர். அவ்வாறு நிறுத்துவோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை இவ்விடத்திலேயே சொல்லி வைக்கின்றோம். அது மனவுறுதி பற்றிய சோதனை மட்டுமன்று. உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்வாறு வாய்பேசா உயிர்களைப் பட்டினியிட்டு அறிவு தேடுதல் தகுமோ என்னும் ஐயம் உங்களுக்கு எழுமாயின், எமக்கும் அவ்வையம் உண்டு. முதற்சீலம் ஏற்றவர்க்கு இச்செய்திகளைப் படிப்பது இனிமையானதன்று. ஆயினும் அவ்வுயிர்கள் பட்ட துன்பம் பட்டதுதான். அதனால் விளைந்த அறிவையாவது துன்பந் தீர்க்கப் பயன்படுத்துவது நம் கடமையாகின்றது.

இனித் தம்மத்திற்கு வருவோம். இரண்டாம் வாய்மையில் பகவன் துன்பத்திற்குக் காரணமாகக் கூறியதன் பாலிப் பெயர் தண்ஹா. அச்சொல்லின் நேர்ப்பொருளே தாகம் என்பது. தமிழில் வேட்கை என்றோம். அதுவும் நீர்வேட்கைக்கு உரிய சொல்லே. இவ்வேட்கையைப் பலரும் ஏதோ பிறவிக்குணம்போலவும், தீயவனின் நெஞ்சில் மட்டும் முளைக்கும் நஞ்சுபோலவும் எண்ணுகின்றனர். பகவன் அவ்வாறு கூறவில்லை. வேட்கை ஒரு சார்பினால் தோன்றுவது. சார்பு நீங்கினால் நீங்குவது. நுகர்வு சார்பாக வேட்கை, ஊறு சார்பாக நுகர்வு, வாயில் சார்பாக ஊறு என்று பின்னோக்கிச் செல்கின்றது அச்சங்கிலி. வேட்கையைக் கண்டவன் வேட்கையையே வைதுகொண்டிராமல், இது எதனைச் சார்ந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்பதே சார்பிற்றோற்றத்தின் பயிற்சி. அப்பெட்டியினுள் இருந்த எலியை எத்தனை முறை வைதாலும் அது குடிப்பதை விட்டிராது. அதன் எடையைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபோது குடி குறைந்தது. உணவு வரும் முறையை மாற்றியபோதும் குறைந்தது.

நம்மவர் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடியற்காலையில் கூலிக்காரர் கூடும் முச்சந்தியில் ஐம்பது பேர் நிற்கின்றனர். ஒப்பந்தக்காரர் வந்து இருபது பேரை அழைத்துப் போகின்றார். இன்று அழைக்கப்பட்டவர் நாளை அழைக்கப்படுவார் என்பதில்லை; மூன்று நாள் வராத அழைப்பு நான்காம் நாள் வரலாம். வந்த கூலியும் கடனுக்குப் பாதி போக, வயிறு நிறையாத அளவிலேயே கைக்கு வருகின்றது. கோலார் தங்கவயலில் சுரங்கம் நடந்தபோது கீழே இறங்குவது கொடிய வேலையாயினும் மாதக் கூலி என்று ஒன்று இருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று வேலை தேடும் நிலை எத்தனை குடும்பங்களுக்கு வந்தது! கிடைத்தும் கிடையாமலும், வந்தும் வாராமலும் இருக்கும் கூலியை வகுத்தவர் எவரும் ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்து வகுக்கவில்லை. ஆயினும் அவ்வகுப்பு எலிப்பெட்டியின் வகுப்பை ஒத்திருக்கின்றது. அச்சந்தியிலிருந்து பத்தடி தொலைவில் சாராயக்கடை இருப்பதையும் நாம் காண்கின்றோம்.

மனிதரிடத்தில் இவ்வுண்மை எலியிடத்துப்போல் அத்துணைத் தெளிவாக நிறுவப்படவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறிவிடுகின்றோம். மனிதன் குடிப்பதற்குக் காரணங்கள் பல: நட்பு, துக்கம், உடல்வலி, பழக்கம், கண்ணெதிரே திறந்திருக்கும் கடை. வயிறு நிறைந்தவரும், மாதச் சம்பளம் தவறாமல் வாங்குவோரும் குடிக்கின்றனர். அவர்களுக்குப் பசியைச் சாட்டாகக் கூற இயலாது. எலிகளிலுங்கூட எல்லாம் ஒரே அளவில் குடிக்கவில்லை. ஒரே பெட்டி, ஒரே பசி, ஒரே முறை இருந்தும் சில எலிகள் அவ்வழக்கத்திற்கு ஆளாகவே இல்லை.

'இவ்வாறு பேசினால் குடியருக்குச் சாக்குக் கொடுத்ததாகாதா? ஐந்தாம் சீலம் என்னாவது?' என்று மூத்த உபாசகர் ஒருவர் வினவக்கூடும். அவ்வினாவில் நியாயம் உண்டு. அப்பா குடித்ததால் பள்ளியை விட்ட பிள்ளையின் முன்னும், தாலிக்குண்டுமணியையும் இழந்த தாயின் முன்னும் நின்று, காரணம் இன்னது என்று உளநூல் பேசிவிட்டு அமர்ந்துவிட முடியாது. சிகாலனுக்கு உரைத்த அறவுரையில் குடியினால் வரும் கேடுகள் ஆறு என்று பகவன் எண்ணியே காட்டியுள்ளார்: பொருளழிவு, கலகம், நோய், பழி, நாணழிவு, அறிவுக்கேடு. அவற்றுள் ஒன்றையும் நாம் குறைக்கவில்லை. ஆனால் சீலம் என்பது சட்டமன்று. பாலியில் அதற்குச் சிக்காபதம் என்று பெயர். பயிலும் படி என்பது பொருள். படியில் ஏறுகின்றவன் சறுக்கினால் கீழே நிற்பவர் கை கொடுக்க வேண்டுமேயன்றிப் படியை எடுத்துவிடுவாரா? எலிக்கு உறுதிமொழி ஏற்கும் ஆற்றல் இல்லை. மனிதருக்கு உண்டு. அவ்வாற்றல் வேலை செய்வதற்கு வேண்டிய நிலத்தையும் நீரையும் கூட்டுவது சங்கத்தின் பொறுப்பு.

பகவன் செய்த செயலையே இதற்குச் சான்றாகக் கூறுவோம். ஆளவி என்னும் நகருக்கு ஒருமுறை அவர் எழுந்தருளினார். அங்கிருந்த ஏழை உழவன் ஒருவன் அறங்கேட்கப் புறப்படும் வேளையில் அவனது எருது காணாமற்போயிற்று. காலையெல்லாம் காட்டில் தேடி, அதனைக் கண்டுபிடித்து ஓட்டிவந்து சேர்த்துவிட்டு, உண்ணாமலே ஓடிவந்தான். அதுவரை பகவன் அறவுரை தொடங்காமலே காத்திருந்தார். அவன் வந்ததும், பிக்குகளுக்கு அளித்ததுபோக எஞ்சிய உணவு உண்டா என்று கேட்டு, முதலில் அவனுக்கு இலை போடச் செய்தார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே அறம் உரைத்தார். பிக்குகள் சிலர் முணுமுணுத்தனர்; ஒரு குடியானவனுக்கு உணவு உண்டா என்று ததாகதர் கேட்டதை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. பசித்திருப்பவனுக்கு அறம் ஏறாது என்பதே அவர் அளித்த விளக்கத்தின் கருத்து. பசியே நோய்களுள் பெரியது என்று அன்று அவர் உரைத்தது தம்மபதத்தில் இடம்பெற்றுள்ளது.

இதே நெறியை நாட்டளவில் விரித்துரைத்ததும் உண்டு. கூடதந்தன் என்னும் பிராமணனுக்குப் பகவன் பழைய அரசன் ஒருவனின் கதையைக் கூறினார். நாட்டில் கொள்ளை மிகுந்தது. கொன்றும் சிறையிட்டும் கொள்ளையை ஒழிக்கலாமே என்று எண்ணுவதற்கு இடமிருந்தது. அவ்வரசனின் புரோகிதனோ, தண்டனையால் அது அடியோடு நீங்காது. உழுபவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், பணிபுரிபவனுக்கு ஊதியமும் கொடுங்கள் என்றான். அவ்வாறே செய்ய, மக்கள் தத்தம் தொழிலில் ஈடுபட, நாடு அமைதியுற்றது. நம் மணிமேகலையும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழனிடம் வேண்டினாள். அவள் கையில் இருந்தது அமுதசுரபி என்பதை மறக்கலாகாது.

அமுதசுரபி நம்மிடம் இல்லை. ஆயினும் சிறு சங்கம் ஒன்று செய்யக்கூடியன சில உண்டு. கூலி கைக்கு வரும் மாலையில், சந்திக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்த நேரமே ஆபத்தான நேரம். விகாரை உள்ள தெருவில் அவ்வேளையில் ஓர் அண்டா கஞ்சியும் துவையலும் தயாராக இருக்குமாயின், பசியோடு கடைவாசலைத் தாண்டுபவர் தொகை சற்றுக் குறையும். பௌர்ணமியில் பொங்கலும் பாயசமும் பெரிதாகச் செய்வதற்குச் செலவிடும் பணத்தைப் பங்கிட்டால், வாரத்தில் ஒருநாளேனும் இது இயலும். அடுத்தது, வேலை கிடையாத நாளுக்கென்று ஒரு கைமாற்று நிதி. சிறிய தொகையாயினும் குறித்த நாளில் தவறாமல் கிடைப்பதாக இருக்க வேண்டும். இன்று உண்டு, நாளை இல்லை, தலைவருக்கு மனமிருந்தால் உண்டு என்று நிதியை நடத்தினால், நாமே எலிப்பெட்டியின் கடிகாரத்தை முடுக்கியவராவோம். மகளிர் கையில் அந்நிதிக் கணக்கு இருப்பது நன்று. ஏன் என்று விளக்கினால் ஆடவர் சிலர் வருந்துவர், ஆதலின் விடுகின்றோம். மூன்றாவதாக, வேலைக்குத் தக்க கூலி, குறித்த நாளில் கூலி என்று கேட்கும் தொழிலாளர் கூட்டங்களில் நம்மவர் முன்வரிசையில் நிற்றல் வேண்டும். அதனை அரசியல் என்று ஒதுக்கி, விகாரையில் அமர்ந்து குடியின் தீமையை மட்டும் பேசிக்கொண்டிருப்பது, உணவு வரும் முறையை விட்டுவிட்டு நீர்க்குழாயை மட்டும் பிடுங்கிய கதையாகும். குழாயைப் பிடுங்கியபோது எலி கட்டையைக் கடித்தது.

குடிப்பவரும் தம் பங்கிற்குச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நாட்டம் எழும்போது உடனே அதனோடு போரிட வேண்டா. எப்போது எழுந்தது என்று மட்டும் நோக்குக. உண்ட பின்னா, உண்ணாமலா? கூலி வந்த நாளா, வராத நாளா? காத்திருந்த வேளையா? நுகர்வை நுகர்வென்று அறிந்து நோக்குதலே சதிபட்டானத்தில் பகவன் கற்பித்த பயிற்சி. எலிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அவ்விடத்திற்றான் தொடங்குகின்றது. பத்து நாள் இவ்வாறு நோக்கியவர், தம் குடிக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் இருப்பதைக் கண்டுகொள்வார். அந்நேரத்தில் வேறொரு தெரு வழியாக வீடு திரும்புவது கோழைத்தனமன்று.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எவருடைய பெயரையேனும் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டும் என்னும் தீர்மானம் வருமாயின், அதற்கு முன்பாக உறுப்பினர் இருவர் அவர் வீட்டிற்குச் சென்று, வாரத்தில் எத்தனை நாள் அவருக்கு வேலை கிடைக்கின்றது, கூலி எந்நாளில் வருகின்றது, கடைசியாக எந்த வேளை வயிறார உண்டார் என்னும் மூன்றையும் கேட்டறிந்து, அதே பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதி வருமாறு சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றோம்.